கார்பனை விட முடியாத தொழில்

"ரசாயனத் தொழில் இல்லாவிட்டால் பொருளாதாரமே நின்றுவிடும் என்கிறார்கள், அது உண்மைதானா? இப்போது எல்லா நிறுவனங்களும் பசுமை, நிலைத்தன்மை என்று பேசுகின்றனவே, அது நிஜமான மாற்றமா, வெறும் விளம்பரமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் பாதிக்குப் பதில் எளிது: உண்மைதான். இரண்டாம் பாதி அவ்வளவு சுலபமாக அடங்காது. சில இடங்களில் நிஜம், சில இடங்களில் விளம்பரம். இன்னும் பல இடங்களில் மனம் இருந்தும் வேதியியல் விடமாட்டேன் என்கிறது. எது எங்கே என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பொருளாதாரம். இந்தத் தொழிலின் அளவு வெளியே தெரியாது. காரணம், அதன் சரக்கில் பெரும்பகுதியை வாங்குவது இன்னொரு தொழிற்சாலை. கடைக்குப் போய் யாரும் எத்திலீன் கேட்பதில்லை. எத்திலீன் என்ற வாயு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காகி, அது மெல்லிய படலமாகி, படலம் உறையாகி நம் கைக்கு வந்து சேரும்போது, இது எங்கிருந்து தொடங்கியது என்று யாருக்கும் தோன்றாது. குளோரின் குடிநீரில் கரைந்துவிடுகிறது. கந்தக அமிலம் பாஸ்பேட் உரத்துக்குள் போய்விடுகிறது. காஸ்டிக் சோடா காகிதம், சோப்பு, அலுமினியம் மூன்றையும் தொட்டுவிட்டு மறைந்துவிடுகிறது.

எண்ணாகச் சொல்வதென்றால், உலக ரசாயன சங்கங்களின் கூட்டமைப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு எகனாமிக்ஸ் 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டது. தொழிலின் நேரடிப் பங்கு 1.1 லட்சம் கோடி டாலர், 1.5 கோடி வேலைகள். அது வாங்கும் மூலப்பொருள், அதன் ஊழியர்கள் செலவழிக்கும் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்தால் 5.7 லட்சம் கோடி டாலர், 12 கோடி வேலைகள், உலக மொத்த உற்பத்தியில் 7 சதவீதம். தொழில் தரப்பே கேட்டு வாங்கிய கணக்கு என்பதால் பெரிய எண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கிறேன். சிறிய எண்தான் கெட்டியானது.

என்னைக் கேட்டால் டாலர் கணக்கு இதன் முக்கியத்துவத்தைச் சரியாகக் காட்டுவதே இல்லை. அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்க்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் செய்துகாட்டினார். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் கார்ல் போஷ். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கோடி டன் அம்மோனியா செய்கிறது, பெரும்பகுதி உரத்துக்கே போகிறது. இன்று உயிரோடு இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் சோறு இந்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சந்தை விலையில் பார்த்தால் அம்மோனியா ஒரு மலிவுச் சரக்கு. நிறுத்திப் பார்த்தால்தான் விலை தெரியும்.

சரி, இப்போது சிக்கலான பாதி. மின்சாரத் துறையிலும் போக்குவரத்திலும் "கார்பனை நீக்குவது" என்று சொன்னால் அர்த்தம் இருக்கிறது. அங்கே கார்பன் எரிபொருள் மட்டுமே, காற்றாலையோ பேட்டரியோ வந்தால் அதை விட்டுவிடலாம். ரசாயனத் தொழிலில் கார்பன்தான் சரக்கு. பிளாஸ்டிக், சாயம், மருந்து, பெயின்ட், பசை என்று எதை உடைத்துப் பார்த்தாலும் உள்ளே கார்பன் சங்கிலி இருக்கும். தொழிற்துறைகளிலேயே அதிக எரிசக்தி வாங்குவது இந்தத் துறைதான். ஆனால் நேரடியாக வெளிவிடும் கரியமில வாயுவில் இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் அடுத்த மூன்றாம் இடத்தில் இருக்கிறது. வாங்குவதில் முதலிடம், புகையில் மூன்றாமிடம் என்றால் மீதி எங்கே போனது? வாங்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி எரிக்கப்படுவதே இல்லை. சரக்காக மாறி வாசலைத் தாண்டி வெளியே போகிறது. பிறகு ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக் குப்பையில் எரியும்போது அதே கார்பன் காற்றில் கலக்கும். அந்தப் புகை ஆலையின் கணக்கில் ஏறாது.

ஆகவே இந்தத் துறைக்குச் சரியான கேள்வி, கார்பனை எப்படி விடுவது என்பதைவிட, கார்பனை எங்கிருந்து எடுப்பது என்பதுதான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழில் வளர்ந்த விதமே வேடிக்கையானது. பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதை எடுத்துத்தான் அது பெரிதானது. 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டை, லெப்ளாங்க் முறையில் உப்பிலிருந்து செய்தார்கள். 8 டன் சோடா செய்தால் 5.5 டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகைபோக்கி வழியே வெளியேறும். சுற்றியிருந்த மரமும் பயிரும் கருகின. பிரிட்டன் 1863இல் காரச் சட்டம் (ஆல்கலி ஆக்ட்) கொண்டுவந்து, இந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்றது. முதலாளிகள் அதைத் தண்ணீரில் கரைத்து அமிலமாக ஆற்றில் விட்டார்கள். அப்புறம்தான் வெல்டன், டீக்கன் என்ற இருவரின் முறைகள் வந்து அந்த அமிலத்தைக் குளோரினாக்கின. குளோரின் சலவைத் தூளாகித் துணி ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் போனது. கடைசியில் சால்வே முறை மலிவாக வந்து லெப்ளாங்க் சோடாவைத் தோற்கடித்தபோது, பழைய ஆலைகள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது ஒருகாலத்தில் புகைபோக்கியில் விட்ட அந்தக் குளோரினை விற்றுத்தான்.

வில்லியம் பெர்கின் 1856இல், 18 வயதில், செயற்கை ஊதாச் சாயம் கண்டுபிடித்ததும் இப்படித்தான். நிலக்கரி வாயு நிலையங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்த தாரிலிருந்து வந்தது அது. பின்னால் பெட்ரோலிய சுத்திகரிப்பு நிலையங்களின் உபரியான நாப்தா என்ற லேசான எண்ணெய் இந்தத் தொழிலின் மூலப்பொருளானது. சட்டம் நெருக்கியது, மாற்றுவழி தொழில்நுட்பமாகக் கைக்கு வந்தது, கழிவுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். இந்த மூன்றும் கூடிய இடங்களில் மாற்றம் வேகமாக நடந்திருக்கிறது. இன்றைய பசுமைப் பேச்சையும் நான் இந்த மூன்றை வைத்துத்தான் எடைபோடுவேன்.

அப்படி நடந்த நிஜ மாற்றங்கள் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. உப்புக் கரைசலை மின்பகுத்துக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலைகளில் ஒருகாலத்தில் பாதரசம் டன் கணக்கில் இருந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரிந்த நோய்க்குக் காரணம் வேறு வகை ஆலையின் பாதரசம் என்றாலும், அதன் பிறகு பாதரசம் என்றாலே உலகம் விழித்துக்கொண்டது. பாதரசம் வேண்டாத சவ்வு முறை வந்தது, அது மின்சாரமும் குறைவாகவே கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முடிவோடு பாதரச முறைக் குளோரின் உற்பத்தி நின்றது. நைலானுக்கான அடிபிக் அமிலம் செய்யும்போது நைட்ரஸ் ஆக்சைடு வரும், வெப்பமூட்டுவதில் அது கரியமில வாயுவைப்போல சுமார் 273 மடங்கு. புகைபோக்கிக்கு முன்னால் ஒரு வினையூக்கி அடுக்கை வைத்தால் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும். பெரிய உற்பத்தியாளர்கள் பலர் 1990களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

மருந்துப் பக்கமும் ஒரு நல்ல கதை இருக்கிறது. ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992இல் ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தார்: ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு? பெரும் அளவில் செய்யப்படும் சாதாரண ரசாயனங்களில் அது 1 முதல் 5 கிலோவைத் தாண்டாது. மருந்துகளில் 25 முதல் 100 கிலோ, சில சமயம் அதற்கும் மேல். எல்லோரும் அழுக்குத் தொழில் என்று நினைத்தது எண்ணெய்ப் பக்கத்தைத்தான். இபுபுரூஃபன் மாத்திரையின் மூலமருந்து முதலில் ஆறு படிகளில் தயாரானது. உள்ளே போகும் அணுக்களின் எடையில் 40 சதவீதம்தான் மருந்தில் முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் மூன்றே படிகள் கொண்ட முறை வந்து அதை 77 சதவீதமாக்கியது. கூடவே வரும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டு எடுத்தால் 99 சதவீதம். வேதியியலாளர்கள் பால் அனஸ்டஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை வகுத்தபோது சொன்னதன் சாரம் இதுதான்: கழிவைச் சுத்தப்படுத்துவதைவிட, கழிவே வராதபடி வினையை அமைப்பது மேல்.

ஆனால் இவையெல்லாம் கிளைகள். அடிமரத்தில் இருப்பவை அம்மோனியா, மெத்தனால், எத்திலீன், புரொப்பிலீன், பென்சீன் குடும்பம். துறையின் எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இவை சில மட்டுமே விழுங்குகின்றன. இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

அம்மோனியாவுக்கு வருவோம். ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் ஒரு டன் அம்மோனியாவுக்கு 1.8 டன் போலக் கரியமில வாயு வெளியேறும். நிலக்கரியிலிருந்து என்றால் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. இருக்கும் ஆலையைத் திருத்தி இதைக் குறைக்கலாமே என்றால், நல்ல ஆலைகள் ஏற்கெனவே டன்னுக்கு 28 கிகாஜூல் ஆற்றலில் ஓடுகின்றன. வேதியியல் விதிப்படி 20க்குக் கீழே அதிகம் போக முடியாது. நூறு வருடமாகப் பிழிந்த துணி, இனி சொட்டுதான் வரும். ஆகவே ஹைட்ரஜனின் ஊற்றையே மாற்றி, தண்ணீரை மின்பகுத்து எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம், ஒரு டன் அம்மோனியாவுக்கு 178 கிலோ ஹைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், டன்னுக்கு 9,000 முதல் 10,000 யூனிட் வரும். உலக அம்மோனியா முழுவதையும் இப்படிச் செய்தால், இன்று உலகம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கை இந்த ஒரே சரக்குக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் சுத்தமான மின்சாரமாக. நிலக்கரி மின்சாரத்தில் மின்பகுத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு யூரியா. யூரியா செய்ய அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும், டன்னுக்கு 0.73 டன். இன்றைய ஆலைகளில் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது வரும் கரியமில வாயுவையே இதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரை மின்பகுத்துச் செய்யும் பச்சை அம்மோனியா ஆலையில் அந்த வாயு இருக்காது, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தாலும், உரம் மண்ணில் கரைந்ததும் அது காற்றுக்கே திரும்பிவிடும். யூரியாவை விட்டு அம்மோனியம் நைட்ரேட் உரத்துக்கு மாறலாம் என்பார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது அந்தச் சரக்குதான், 2,750 டன். ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று சுருங்கும் தொழில் இது.

எத்திலீன் கதையும் அப்படியே. கிராக்கர் என்ற ராட்சத உலையில் நாப்தாவையோ ஈத்தேன் வாயுவையோ 850 டிகிரி அளவில் சூடாக்கி உடைக்கிறார்கள். உலைக்கு வாயு எரிப்பதற்குப் பதிலாக மின்சாரம் கொடுத்தால் என்ன? பிஏஎஸ்எஃப், சாபிக், லிண்டே என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் 2024 ஏப்ரலில் அப்படியொரு மாதிரி உலையைத் தொடங்கின. 6 மெகாவாட், மணிக்கு 4 டன் மூலப்பொருள். ஆண்டு முழுக்க ஓடினாலும் 35,000 டன்தான். பெரிய கிராக்கர் ஒன்று ஆண்டுக்கு 10 லட்சம் டன் எத்திலீன் தரும். தொடக்கம் என்ற அளவில் மதிக்கிறேன். ஆனால் சிக்கல் அளவில் மட்டும் இல்லை. நாப்தாவை உடைக்கும்போது மீத்தேனும் வரும், அந்த மீத்தேனைத்தான் இன்று உலையிலேயே எரிக்கிறார்கள். உலை மின்சாரத்துக்கு மாறினால் அந்த மீத்தேனை என்ன செய்வது? விற்றால் வாங்கியவர் எரிப்பார், புகை முகவரி மாறும், அவ்வளவுதான்.

தாவர மூலப்பொருள் ஒரு வழி. பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து எத்திலீன் எடுக்கிறது, ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் தொடங்கியது. நன்றாகவே ஓடுகிறது. உலகத் தேவை முழுவதற்கும் கரும்பு நட நிலம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. கரியமில வாயுவையே மூலப்பொருளாக்கலாம் என்பது இன்னொரு வழி, மெத்தனாலுக்கு அது தொழில்நுட்பமாகச் சாத்தியம்தான். ஆனால் தாரும் நாப்தாவும் கழிவாக இருந்தபோதும் அவற்றுக்குள் ஆற்றல் இருந்தது. கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது. அதை மறுபடி விறகாக்க, எரிந்தபோது கிடைத்ததைவிட அதிக ஆற்றல் கொடுத்தாக வேண்டும். கழிவைச் சரக்காக்கும் பழைய தந்திரம் இங்கே இலவசமாகப் பலிக்காது.

பிளாஸ்டிக் குப்பை? அதில் ஆற்றல் இருக்கிறது, அதனால் ஆசையும் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கணக்குப்படி 2019இல் உலகம் 46 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுத்தியது, குப்பையானதில் 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சியானது. ஒரே வகைச் சுத்தமான பாட்டிலைக் கழுவி உருக்கி மீண்டும் வார்ப்பது வேலை செய்கிறது. பல அடுக்கு உறைகளை வெப்பத்தால் சிதைத்து எண்ணெயாக்கி கிராக்கருக்கு அனுப்புவது, அதாவது ரசாயன மறுசுழற்சி, காகிதத்தில் அழகாக இருக்கிறது. குப்பையில் கலந்திருக்கும் குளோரினும் ஈரமும் அழுக்கும் அங்கே தொல்லை கொடுக்கின்றன. போட்ட கார்பனில் எவ்வளவு மீண்டும் பிளாஸ்டிக்காக வந்தது, எவ்வளவு எரிபொருளாகப் போனது என்று கேட்டால் பலர் பேச்சை மாற்றுவார்கள். பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தப் பேச்சுகள் 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவில்லாமல் கலைந்ததற்குக் காரணமும் இதுதான்: உற்பத்தியையே குறைப்பதா, குப்பையை மட்டும் கவனிப்பதா என்பதில் நாடுகள் ஒத்துவரவில்லை.

நிலைத்தன்மை என்றால் கார்பன் கணக்கு மட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மதில் சுவருக்கு வெளியே குடியிருப்பவர்களும் அதில் அடங்க வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் விற்பனைச் சரக்கு கூட இல்லை, பூச்சிக்கொல்லி செய்யும் வழியில் வரும் ஓர் இடைநிலைப் பொருள். அதை ஏன் டன் கணக்கில் தேக்கி வைத்தார்கள் என்பதுதான் பொறியியல் கேள்வி. வினைகளின் வரிசையை மாற்றினால் அந்தப் பொருள் உருவாகாமலேயே அதே பூச்சிக்கொல்லியைச் செய்யலாம். உண்டான உடனே அடுத்த வினைக்கு அனுப்பி, தேக்கமே இல்லாமலும் வைக்கலாம். "இல்லாத பொருள் கசியாது" என்ற கருத்தை ஆலைப் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் 1970களிலேயே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் குறைவு.

அடுத்து, பணம் யார் கொடுப்பது? இடைநிலைச் சரக்கு விற்பவருக்கு லாபம் டன்னுக்குச் சில பத்து டாலர்களில் நிற்கும். பச்சை மூலப்பொருள் விலையை இரு மடங்காக்கினால் அவர் சந்தையை விட்டே போக வேண்டியதுதான். ஆனால் கடைசி வாடிக்கையாளருக்கு? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் சுமார் 25 கிராம் பிளாஸ்டிக், கிலோ ஒரு டாலர் என்று வைத்தால் இரண்டரை சென்ட். பிளாஸ்டிக்கின் விலை இரட்டித்தாலும் பாட்டிலில் கூடுவது இன்னொரு இரண்டரை சென்ட். சங்கிலியின் இந்த முனையில் உயிர் போகும் செலவு, அந்த முனையில் கண்ணுக்கே தெரியாது. நடுவில் இருக்கும் ஐந்தாறு பேரில் யார் அதைக் கைமாற்றுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. சட்டம் இல்லாமல் இது தானாக நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறக்குமதிச் சரக்கு செய்யும்போது வெளியான கார்பனுக்கு விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உரமும் ஹைட்ரஜனும் அதில் உண்டு, எத்திலீனும் பிளாஸ்டிக்கும் இன்னும் இல்லை. இன்னொரு தடை காலம். இன்று கட்டும் கிராக்கர் முப்பது நாற்பது வருடம் ஓடும், போட்ட முதலீட்டை எடுக்காமல் யாரும் பூட்டமாட்டார்கள்.

அப்படியானால் ஒரு நிறுவனத்தின் பசுமை அறிக்கையில் எதைப் பார்ப்பது? "டன்னுக்கு இவ்வளவு குறைத்தோம்" என்றால் மொத்தத்தில் குறைந்ததா என்று பாருங்கள், உற்பத்தி கூடியிருந்தால் மொத்தம் ஏறியிருக்கும். ஆலைப் புகையையும் வாங்கிய மின்சாரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, விற்ற சரக்கு கடைசியில் எரியும்போது வருவதை விட்டிருந்தால் பாதிக் கணக்குதான். "எடைச் சமன் முறைப்படி 100 சதவீதம் தாவர மூலம்" என்று முத்திரை இருந்தால், நிஜத்தில் தாவர நாப்தாவும் எண்ணெய் நாப்தாவும் ஒரே உலையில் கலந்து போயிருக்கும், காகிதத்தில் மட்டும் பச்சைப் பங்கை ஒரு சரக்கின் பேரில் எழுதியிருப்பார்கள். அது மோசடி இல்லை, தனிக் குழாய் போடுவதைவிட மலிவான வழி. ஆனால் உங்கள் கையில் இருக்கும் டப்பா கரும்பிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூலதனச் செலவில் எத்தனை பங்கு புதிய முறைக்குப் போகிறது என்பதைத் தேடுங்கள், பெரும்பாலும் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். கடைசியாக, அந்தக் குறைப்பில் எவ்வளவு பங்கு, பழைய ஆலையை மூடியதால் வந்தது என்று பாருங்கள். 2022க்குப் பிறகு எரிவாயு விலை ஏறியதால் ஐரோப்பாவில் பல ஆலைகள் மூடப்பட்டன. அதுவும் அறிக்கையில் "குறைப்பு" என்ற பத்தியிலேயே ஏறும். அந்தச் சரக்கு இப்போது வேறெங்கோ, சில சமயம் நிலக்கரியிலிருந்து, தயாராகிக்கொண்டிருக்கும்.